ரிப்போர்ட்ல தெரிஞ்ச மாதிரி இருக்கற வார்த்தைங்கதான் நம்மள கவுக்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பாக்கறவ. டாக்டருங்க பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்பறத கேட்டு ரிப்போர்ட்டா டைப் பண்ணிக் குடுக்கறது என் வேலை, ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ்னு எல்லாமே கை வழியா போகும். டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, ஆனா வருஷக்கணக்கா இந்த வார்த்தைங்களோடயே குடித்தனம் பண்ணிட்டு இருக்கறதால சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாரும் ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சு எனக்குத்தான் அனுப்புவாங்க, "இதுல என்னமோ போட்ருக்கு, கொஞ்சம் பாத்து சொல்லும்மா"ன்னு. அப்படி பாத்துப் பாத்து மனசுல சேந்ததத்தான் எழுதறேன், நீளமா போயிடும்னு தெரியுது, வெட்ட வேண்டியத வெட்டிக்கோங்க.

மருத்துவ பாஷையில கஷ்டம்னா எல்லாரும் நினைக்கறது அந்த வாயில நுழையாத வார்த்தைங்கள. த்ராம்போசைட்டோபீனியா, கோலெசிஸ்டெக்டமி, இந்த மாதிரி. என் அனுபவத்துல அதுனால யாரும் பெருசா ஏமாறறதில்ல, ஏன்னா புரியலன்னு அவங்களுக்கே தெரியும், உடனே யார்கிட்டயாவது கேட்டுடுவாங்க. மாட்டிவிடறது பாசிட்டிவ், நெகட்டிவ், ஸ்டேபிள், ஃபெயிலியர், அக்யூட், ஸ்டேஜ், கிரேடு, காமன் மாதிரி வார்த்தைங்க. தினமும் நம்ம வாயில வர்ற வார்த்தை, புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சு கேக்காமலே வீட்டுக்கு வந்துடறோம், வந்து ராத்திரி பூரா தூங்காம கெடக்கறோம், இல்லன்னா பயப்பட வேண்டிய எடத்துல நிம்மதியா இருந்துடறோம். ரெண்டாவதுதான் மோசம்.

இது எனக்கு மட்டும் தோணறது இல்ல. அமெரிக்காவுல மின்னசோட்டா யுனிவர்சிட்டிக்காரங்க ஒரு திருவிழாவுக்கு வந்த 215 பேர்கிட்ட டாக்டருங்க சாதாரணமா சொல்ற வாக்கியங்கள குடுத்து இது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு கேட்டாங்க, 2022ல ஜாமா நெட்வொர்க் ஓபன்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு. கேன்சர் டெஸ்ட் நெகட்டிவ்னா கேன்சர் இல்லன்னு 96 சதவீதம் பேர் சரியா சொல்லிட்டாங்க. ஆனா "உங்க ட்யூமர் ப்ரோக்ரஸ் ஆகுது"ன்னா கெட்ட சேதின்னு புரிஞ்சது 79 சதவீதத்துக்குத்தான். "நோடு பாசிட்டிவ்"னா கேன்சர் நெணநீர் முடிச்சுக்கு பரவியிருக்குன்னு புரிஞ்சது 67 சதவீதம். அக்கல்ட் இன்ஃபெக்ஷன்னு ஒண்ணு கேட்டாங்க, வெளிய தெரியாம உள்ள மறைஞ்சிருக்கற தொற்றுன்னு அர்த்தம், அத சரியா சொன்னவங்க 2 சதவீதம். கவனிங்க, இவங்க எல்லாம் இங்கிலீஷ்லயே பேசிப் பழகினவங்க. அவங்களுக்கே ப்ரோக்ரஸ்னா முன்னேற்றம்னு காதுல விழுதுன்னா நம்ம கதி என்ன. ஸ்கூல் ப்ரோக்ரஸ் கார்டுல இருந்து நமக்கு அது நல்ல வார்த்தைதானே. மருத்துவத்துல ப்ரோக்ரஸ் ஆகறது நோய், நாம இல்ல.

பாசிட்டிவ் நெகட்டிவ் விஷயம் அந்த ஆய்வுல தெரியறதவிட இன்னும் சிக்கல். தேடினது கெடச்சுதுன்னா பாசிட்டிவ், கெடைக்கலன்னா நெகட்டிவ், அவ்ளோதான் அதுக்கு அர்த்தம், நல்லது கெட்டதுங்கறது எத தேடினாங்கங்கறதப் பொறுத்து. கேன்சர் கட்டிய எடுத்தப்புறம் "மார்ஜின் நெகட்டிவ்"னு சதைய மைக்ராஸ்கோப்புல வச்சு பாக்கற பயாப்ஸி ரிப்போர்ட் வந்தா வெட்டி எடுத்த சதையோட ஓரத்துல கேன்சர் செல் இல்லன்னு அர்த்தம், சந்தோஷப்படணும். மார்பகப் புற்றுநோய்ல "இஆர் பாசிட்டிவ்"னு வந்தா பாசிட்டிவ்னு பாத்து அழறவங்க உண்டு, ஆனா அது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனப் புடிச்சுக்கற அமைப்பு அந்த செல்லுங்கள்ல இருக்குன்னு சொல்றது, அப்ப ஹார்மோன தடுக்கற மாத்திரைன்னு கூடுதலா ஒரு ஆயுதம் கைல இருக்குன்னு அர்த்தம். யூரின்ல கிருமி வளருதான்னு பாக்கற கல்ச்சர் ரிப்போர்ட்ல "நோ க்ரோத்"னு இருந்தா கிருமி எதுவும் வளரலன்னு அர்த்தம், ஒருத்தர் அத புள்ளையோட வளர்ச்சி நின்னுடுச்சுன்னு புரிஞ்சுகிட்டு போன்ல அழுதாங்க, ரெண்டு வயசுக் கொழந்த ரிப்போர்ட் அது.

அக்யூட், க்ரானிக் ரெண்டையும் எடுத்துக்கோங்க. அக்யூட்னா ரொம்ப தீவிரம்னும் க்ரானிக்னா முத்திப்போச்சு இனி வழியில்லன்னும் பத்துல எட்டு பேர் நினைக்கறாங்க, இது என் குத்துமதிப்பு கணக்குதான். உண்மையில ரெண்டுமே காலத்த சொல்ற வார்த்தை. திடீர்னு வந்தது அக்யூட், நாள்பட்டு இருக்கறது க்ரானிக். சளி புடிச்சு ரெண்டு மூணு வாரம் இருமறதுக்குப் பேரு அக்யூட் பிராங்கைட்டிஸ், பெரும்பாலும் வைரஸ், தானா போயிடும். அக்யூட் ஹார்ட் அட்டாக்கும் அக்யூட்தான், அது உயிரப் பறிக்கும். அதே மாதிரி க்ரானிக் கிட்னி டிசீஸ்னு சொல்லணும்னா கிட்னி கோளாறு 3 மாசத்துக்கு மேல இருக்கணும், அதான் கணக்கு, அது லேசாவும் இருக்கலாம் மோசமாவும் இருக்கலாம். எவ்ளோ தீவிரம்னு சொல்லணும்னா டாக்டர் மைல்டு, மாடரேட், சிவியர்னு தனியா சொல்லுவார், அதத் தேடிப் பாருங்க.

ஃபெயிலியர்ங்கற வார்த்தைதான் எனக்கு சுத்தமா புடிக்காது. ஹார்ட் ஃபெயிலியர்னு டிஸ்சார்ஜ் சம்மரில பாத்தவுடனே குடும்பமே ஒடஞ்சு போயிடுது, இதயம் நின்னுடப் போகுதுன்னு. அது இதயம் ஒடம்புக்குத் தேவையான அளவுக்கு ரத்தத்த பம்ப் பண்ண முடியாம திணறற நெலம, அதனால மூச்சு வாங்கும், காலு வீங்கும், மருந்து ஒழுங்கா எடுத்து வருஷக்கணக்கா வேல வெட்டி பாத்துட்டு இருக்கறவங்க இருக்காங்க. அலட்சியப்படுத்தற நோய் இல்ல, ஆனா நாளைக்கே முடிஞ்சிடும்ங்கறதும் இல்ல. அதுகூடவே எக்கோங்கற இதய ஸ்கேன் ரிப்போர்ட்ல இஎஃப்னு ஒரு நம்பர் வரும், எஜெக்ஷன் ஃப்ராக்ஷன். ஒவ்வொரு துடிப்புக்கும் இடது அறையில இருக்கற ரத்தத்துல எத்தனை சதவீதம் வெளிய தள்ளுதுங்கற கணக்கு. நல்ல இதயமே ஏறக்கொறைய 50லேந்து 70 சதவீதம்தான் தள்ளும், 100 யாருக்கும் கெடையாது. 60னு பாத்துட்டு "40 சதவீதம் போயிடுச்சா"ன்னு கேக்கறவங்க மாசத்துக்கு ஒருத்தராவது வந்துடறாங்க. பரிட்சை மார்க் இல்லைங்க அது. 40ம் அதுக்குக் கீழயும் போனாத்தான் பம்பிங் கொறஞ்ச ஹார்ட் ஃபெயிலியர்னு வகைப்படுத்துவாங்க.

இங்கதான் பத்திரிகைங்க மேல எனக்கு ஒரு கோவம், தப்பா நினைக்காதீங்க. ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட், ஹார்ட் ஃபெயிலியர் மூணுத்துக்கும் "மாரடைப்பு"ன்னு ஒரே வார்த்தைய போட்டு முடிச்சுடறீங்க. ஹார்ட் அட்டாக்ங்கறது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அடைச்சுக்கறது, ஆளு பெரும்பாலும் நெனவோட இருப்பார், வலிக்குதும்பார், வேர்க்கும், ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக கொஞ்சம் நேரம் இருக்கும். கார்டியாக் அரெஸ்ட்னா இதயத் துடிப்ப நடத்தற மின்சார ஓட்டம் தாறுமாறாகியோ நின்னோ போயி ரத்தமே பம்ப் ஆகாத நெலம, ஆளு அப்படியே சாஞ்சிடுவார், மூச்சு இருக்காது, பேச்சு இருக்காது, அங்கயே அப்பவே நெஞ்ச அமுக்க ஆரம்பிக்கணும், ஷாக் குடுக்கற மெஷின் கொண்டு வரணும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு கையக் கட்டிட்டு நின்னா போச்சு. ஹார்ட் அட்டாக் அரெஸ்ட்ல போயி முடியலாம், ஆனா ரெண்டும் ஒண்ணு கெடையாது. படிக்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் மனசுல இருந்தாத்தான் பக்கத்துல ஒருத்தர் விழுந்தா என்ன செய்யணும்னு கை போகும். அரெஸ்ட்ட மாரடைப்புன்னு எழுதி எழுதி, மாரடைப்புன்னா நெஞ்சப் புடிச்சுகிட்டு உக்காருவாங்கன்னு ஜனங்க மனசுல பதிஞ்சு கெடக்கு.

ஸ்டேபிள்ங்கற வார்த்தைக்கும் இதே கதிதான். ஆஸ்பத்திரி அறிக்கையில "கண்டிஷன் இஸ் ஸ்டேபிள்"னு வந்தா பத்திரிகையில "உடல்நிலை சீராக உள்ளது"ன்னு வருது, படிக்கறவங்க தேறிட்டார் போலன்னு நிம்மதியாயிடறாங்க. ஸ்டேபிள்னா மாறாம இருக்கு, அவ்ளோதான். வென்டிலேட்டர்ல இருக்கறவர் மோசமாகாம அப்படியே இருந்தாலும் அது கிரிட்டிகல் ஆனா ஸ்டேபிள். எந்த நெலமையில ஸ்டேபிள்னு கேக்காம அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்ல.

அடுத்தது நம்பர் போட்ட வார்த்தைங்க, ஸ்டேஜ், கிரேடு, கேட்டகிரி. சினிமாவும் சீரியலும் நமக்கு ஸ்டேஜ்னா கேன்சர்னு சொல்லிக் குடுத்து வச்சிருக்கு. கேன்சர்ல ஸ்டேஜ்ங்கறது எவ்ளோ பெருசு எங்க பரவியிருக்குங்கறது, கிரேடுங்கறது மைக்ராஸ்கோப்புல பாக்கும்போது அந்த செல்லுங்க நல்ல செல்லுங்கள்லேந்து எவ்ளோ மாறிப்போயிருக்குங்கறது. ஸ்டேஜ் 1, கிரேடு 3னு ஒரே ஆளுக்கு வரலாம், சின்னதா ஒரே எடத்துல இருக்கு ஆனா வேகமா வளரக்கூடிய ரகம்னு அர்த்தம். இதுல ரெண்டையும் கலந்து "கிரேடு மூணாம், மூணாவது ஸ்டேஜாம்"னு ஊரு பூரா சொல்லிடுவாங்க. கிட்னி நோய்க்கும் 5 ஸ்டேஜ் உண்டு, கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்னு சொல்ற இஜிஎஃப்ஆர்ங்கற கணக்க வச்சு பிரிக்கறது, 30லேந்து 59க்குள்ள இருந்தா ஸ்டேஜ் 3, அதுக்கும் கேன்சர் ஸ்டேஜ் 3க்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. ஃபேட்டி லிவர் கிரேடு 1னு அல்ட்ராசவுண்டுல வர்றது கல்லீரல்ல லேசா கொழுப்பு படிஞ்சு படத்துல கொஞ்சம் வெளுப்பா தெரியுதுன்னு மட்டும்தான்.

எல்லாத்தையும்விட பயமுறுத்தறது மேமோகிராம்ங்கற மார்பக எக்ஸ்ரே ரிப்போர்ட்ல வர்ற பைராட்ஸ்ங்கற கேட்டகிரி நம்பர். 0லேந்து 6 வரைக்கும் போகும். 0ன்னா ஒண்ணும் இல்லன்னு நினைச்சுடுவாங்க, ஆனா 0ன்னா படம் பத்தல, இன்னும் பரிசோதனை பண்ணணும்னு அர்த்தம், போய்த்தான் ஆகணும். 1ன்னா ஒண்ணும் தெரியல, 2ன்னா ஏதோ இருக்கு ஆனா சாதுவானது, 3ன்னா பெரும்பாலும் சாதுதான், கேன்சரா இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல இல்ல, கொஞ்ச மாசம் கழிச்சு திரும்பப் பாப்போம்னு சொல்லுவாங்க. 4 சந்தேகம், பயாப்ஸி பண்ணிப் பாக்கணும். 5ன்னா 95 சதவீதமோ அதுக்கு மேலயோ கேன்சர்தான்னு தோணுது. 6ன்னா ஏற்கனவே பயாப்ஸில உறுதியானது. இப்ப பாருங்க, 2ன்னு வந்தவங்க "ரெண்டாவது ஸ்டேஜாம்"னு அழுதுட்டு இருப்பாங்க, 0ன்னு வந்தவங்க ரிப்போர்ட்ட பீரோல வச்சு பூட்டிட்டு மறந்துடுவாங்க. என்கிட்ட வந்ததுல ரெண்டு வகையும் உண்டு. ப்ராஸ்டேட் கேன்சர்க்கு கிரேடு சொல்ற க்ளீசன் ஸ்கோர்னு ஒண்ணு, அதுல இப்ப நடைமுறையில 6தான் ஆரம்பமே, 10 வரைக்கும் போகும், 6ன்னு பாக்கற ஆளு பாதிக்கு மேல போயிடுச்சுன்னு ஒடிஞ்சு போயிடுவார். இந்தக் குழப்பத்தப் பாத்துட்டுத்தான் 2014ல நோய்க்கூறு நிபுணருங்க கூடி அத 1லேந்து 5ன்னு கிரேடு குரூப்பா மாத்தினாங்க, பழைய 6 இப்ப குரூப் 1. ஆக சொல்ற விதத்த மாத்தணும்னு நெனச்சா அவங்களால மாத்த முடியும், அதுக்காகத்தான் இத சொல்றேன்.

ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல தடியான எழுத்துலயோ செவப்புலயோ ஒரு நம்பர் இருந்தா முடிஞ்சுது. பக்கத்துல நார்மல் ரேஞ்சுன்னு ஒண்ணு போட்ருப்பாங்க இல்ல, அது பெரும்பாலும் எப்படி வருதுன்னா ஆரோக்கியமா இருக்கறவங்கள எடுத்து டெஸ்ட் பண்ணி, நடுவுல 95 சதவீதம் பேர் எந்த அளவுக்குள்ள வர்றாங்களோ அத ரேஞ்சா வச்சுக்கறது. அப்ப ஒடம்புல ஒரு கோளாறும் இல்லாத நூறு பேர்ல அஞ்சு பேர் அந்த ரேஞ்சுக்கு வெளியதான் இருப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் ஒரே நேரத்துல எடுத்தா, முழு ஆரோக்கியமான ஆளுக்கே ஏதாவது ஒண்ணாவது ரேஞ்சுக்கு வெளிய வர்றதுக்கு 64 சதவீத வாய்ப்பு, கணக்கு போட்டுப் பாருங்க வரும். அதுக்காக செவப்பு எழுத்த தூக்கிப் போட சொல்லல, எவ்ளோ தள்ளி இருக்கு, போன தடவ எவ்ளோ இருந்துச்சு, கூட வேற எது மாறியிருக்குன்னு டாக்டர் பாக்கறது அதத்தான். சில டெஸ்ட்ல ரேஞ்சுங்கறது சராசரிய வச்சு இல்லாம ஆபத்த வச்சு முடிவு பண்ணினது, எச்பிஏ1சி அப்படித்தான், 6.5ம் அதுக்கு மேலயும் சர்க்கரை நோய், 5.7லேந்து 6.4 அதுக்கு முந்தின நெலம. இந்த எச்பிஏ1சிய வெறும் எச்பியோட கொழப்பிக்கறவங்க நெறைய, எச்பி ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்ளோங்கறது, ஏ1சி அந்த ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதத்துல சர்க்கரை ஒட்டியிருக்குங்கறது, ரெண்டு மூணு மாச சராசரிய காட்டும். ஏ1சி 7ன்னா சராசரியா சர்க்கரை 154 கிட்ட இருந்திருக்குன்னு அர்த்தம், "ரத்தம் ஏழுதான் இருக்காம்"னு பேரீச்சம்பழம் வாங்கப் போகறது தலைகீழ்.

தலைகீழ்னு சொன்னவுடனே தைராய்டு ஞாபகம் வருது. டிஎஸ்எச் அதிகம்னு வந்தா தைராய்டு அதிகம்னு நினைக்கறது சகஜம், ஆனா டிஎஸ்எச் தைராய்டுல சுரக்கறது இல்ல, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி "இன்னும் வேலை செய், இன்னும் வேலை செய்"ன்னு தைராய்டுக்கு போடற அதட்டல். தைராய்டு சோம்பிப் போனாத்தான் அதட்டல் கூடும், அதனால டிஎஸ்எச் கூடினா பெரும்பாலும் தைராய்டு கொறஞ்சிருக்கு, அதாவது ஹைப்போ. இந்த ஹைப்போ, ஹைப்பர் ரெண்டும் போன்ல கேட்டா ஒரே மாதிரிதான் இருக்கும், டைப் பண்ற எங்களுக்கே சந்தேகம் வந்து ரெக்கார்டிங்க திரும்பத் திரும்ப ஓட்டுவோம். ஹைப்போகிளைசீமியான்னா சர்க்கரை 70க்குக் கீழ போயிடுச்சு, உடனே சர்க்கரையோ ஜூஸோ குடுக்கணும், ஹைப்பர்னா ஏறிடுச்சு, வைத்தியமே எதிர்ப்பக்கம். அதனால போன்ல இத சொல்றவங்க, டாக்டரா இருந்தாலும் சரி, "கொறஞ்சிருக்கு", "கூடியிருக்கு"ன்னு தமிழ்ல சேத்து சொல்லிட்டா ஒரு விபரீதம் தப்பும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டோட பாஷை தனி. "அன்ரிமார்க்கபிள்"னா சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு, ஸ்கேன் படத்தப் பாத்து ரிப்போர்ட் குடுக்கற ரேடியாலஜிஸ்ட் குடுக்கற பெரிய பாராட்டே அதான். "கிராஸ்லி நார்மல்"ல இருக்கற கிராஸ் ஒட்டுமொத்தமா, மேலோட்டமா பாத்ததுலன்னு அர்த்தம். லீஷன்னா வழக்கமா இருக்கற மாதிரி இல்லாத ஒரு எடம், தழும்பும் லீஷன்தான், புண்ணும் லீஷன்தான், கேன்சர்னு அர்த்தம் கெடையாது. "கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டெட்"னா நான் பாத்தது படத்த மட்டும்தான், ஆள நேர்ல பாக்கற டாக்டர் அவரோட தொந்தரவோட இத ஒப்பிட்டுப் பாத்துக்கட்டும்னு சொல்றாரு, இத சும்மா தப்பிச்சுக்கற வரின்னு சிலர் கிண்டல் பண்ணுவாங்க, எனக்கு அப்படித் தோணல, ரிப்போர்ட்லயே நேர்மையான வரி அதான். ஏன்னா முதுகு எம்ஆர்ஐய எடுத்துக்கோங்க, டிஸ்க் டீஜெனரேஷன்னு, அதாவது எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தை மாதிரியான டிஸ்க் தேயறதுன்னு, பாத்தவுடனே முதுகெலும்பு தேஞ்சு போச்சு, இனி குனியக்கூடாதுன்னு முடிவு பண்ணிடறோம். 2015ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல, முதுகு வலியே இல்லாதவங்களோட ஸ்கேன்கள சேத்துப் பாத்ததுல, 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கும் 80 வயசுக்காரங்கள்ல 96 சதவீதம் பேருக்கும் அந்த டீஜெனரேஷன் இருந்துச்சு. வலி இல்லாதவங்களுக்கு! தல நரைக்கற மாதிரி அதுவும் வயசோட வர்றது. உங்க வலி அதனாலதானான்னு சொல்ல வேண்டியது படம் இல்ல, தொட்டுப் பாக்கற டாக்டர். இன்னொண்ணு, டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுக்கற சீட்டுல "ரூல் அவுட் டிபி"ன்னோ நோய் பேருக்கு முன்னாடி கேள்விக்குறி போட்டோ இருந்தா அந்த நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல, இல்லன்னு உறுதி பண்ணிக்கலாம்னுதான் டெஸ்ட்டே. அந்தச் சீட்ட வச்சு கல்யாணப் பேச்சு வரைக்கும் பாதிக்கப்பட்டத கேள்விப்பட்ருக்கேன்.

மருந்துச் சீட்டு பத்தி ரொம்ப எழுதல, ஒரு நாளைக்கு எத்தனை தடவன்னு சொல்ற ஓடி, பிடி, டிடிஎஸ் எல்லாம் மருந்துக் கடையிலயே சொல்லிடுவாங்க. எஸ்ஓஎஸ்னா மட்டும் உசுருக்கு ஆபத்துன்னா போடற மாத்திரைன்னு நினைச்சு வலியப் பொறுத்துட்டு கெடக்கறாங்க, அது தேவைப்பட்டா போட்டுக்கோங்கறதுக்கான லத்தீன் சுருக்கம். ஓடின்னா ஒரு நாளைக்கு ஒரு தடவ, ஆனா கண் டாக்டர் சீட்டுல அதே ஓடி வலது கண்ணு, எவ்ளோ வசதி பாருங்க. டாக்டருங்களே ஒருத்தர் எழுதறத இன்னொருத்தர் தப்பா படிக்கற அளவுக்கு இந்த சுருக்கங்க ஆபத்துன்னுதான் அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் குடுக்கற ஜாயின்ட் கமிஷன் 2004ல சில சுருக்கங்கள எழுதவே கூடாதுன்னு பட்டியல் போட்டுச்சு. இன்சுலின் யூனிட்டுக்கு வெறும் யூன்னு இங்கிலீஷ் எழுத்த மட்டும் போட்டா அது சைபர் மாதிரி தெரிஞ்சு 4 யூனிட் 40 ஆயிடும், 1.0ன்னு எழுதினா புள்ளி மங்கி 10 ஆயிடும், அந்த மாதிரி.

பாலியேட்டிவ் கேர்ங்கற வார்த்தைக்கு வந்துடறேன், இத சொல்லாம முடிக்க மனசு வரல. டாக்டர் வாயில அந்த வார்த்தை வந்தவுடனே "கைவிட்டுட்டாங்க"ன்னு புரிஞ்சுகிட்டு அந்த டாக்டரையே மாத்திடறாங்க. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, பயம், தூக்கமின்மை இதுக்கெல்லாம் வைத்தியம் பண்றது பாலியேட்டிவ், நோய்க்கான வைத்தியத்தோட கூடவே, ஆரம்பத்துலேந்தே பண்ணலாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. 2010ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல ஒரு ஆய்வு, பரவிட்ட நுரையீரல் கேன்சர் இருந்த 151 பேர், பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம், மீதிப் பேருக்கு அதோட ஆரம்பத்துலேந்தே பாலியேட்டிவும். சேத்துக் குடுத்தவங்களோட மீடியன் ஆயுசு 11.6 மாசம், குடுக்காதவங்களுக்கு 8.9. மன உளைச்சலும் கொறவு. கைவிடறதுன்னா ஆயுசு எப்படிங்க கூடும்.

மீடியன்னு சொன்னேனே, அதுவும் ஆள முழுங்கற வார்த்தைதான். மீடியன் 8 மாசம்னா எட்டாவது மாசம் முடிஞ்சிடும்னு இல்ல, பாதிப் பேர் அதுக்கு மேல இருப்பாங்கன்னு அர்த்தம், எவ்ளோ மேலங்கறதுக்கு அந்த நம்பர்ல எல்லையே கெடையாது. ஸ்டீபன் ஜே கூல்டுன்னு அமெரிக்க உயிரியல் அறிஞர், 1982ல அவருக்கு மீசோதீலியோமான்னு ஒரு கேன்சர் வந்துச்சு, மீடியன் 8 மாசம்தான்னு புத்தகத்துல இருந்துச்சு, அவர் அதுக்கப்புறம் 20 வருஷம் இருந்து 2002ல வேற ஒரு கேன்சர்ல போனார். அதே மாதிரி 5 வருஷ சர்வைவல்னா அஞ்சு வருஷந்தான் கெடு வச்சுட்டாங்கன்னு நினைக்கறாங்க, அஞ்சு வருஷம்ங்கறது கணக்கு எடுக்க வசதியா வச்ச ஒரு மைல்கல், அவ்ளோதான்.

இனி ஆசிரியருக்கு நேரடியா ரெண்டு வேண்டுகோள். முதல்ல மூளைச்சாவு. "மூளைச்சாவு அடைந்தவர் உயிருக்குப் போராட்டம்"னு போடறது, கோமாவும் மூளைச்சாவும் ஒண்ணுங்கற மாதிரி எழுதறது, இது ரெண்டும் தயவுசெஞ்சு வேண்டாம். கோமாவுல மூளை வேலை பாக்குது, ஆளு எழுந்து வரலாம் வராமலும் போகலாம். வெஜிடேடிவ் நெலமையில கண்ணு தொறக்கும், தூங்கி முழிக்கும், ஆனா சுத்தி நடக்கறது தெரியற அறிகுறி இருக்காது. மூளைச்சாவுங்கறது மூளைத்தண்டு உட்பட எல்லாம் திரும்ப வர முடியாதபடி நின்னு போனது, தானா மூச்சு விட முடியாது, நெஞ்சு ஏறி எறங்கறது வென்டிலேட்டரால. 1968ல அமெரிக்காவோட ஹார்வர்டு யுனிவர்சிட்டி குழு இதுக்கு வரையறை குடுத்ததுலேந்து பல நாட்டுச் சட்டத்துலயும் அது மரணம். வென்டிலேட்டர் பக்கத்துல நின்னுகிட்டு, ஒடம்பு சூடா இருக்கறத தொட்டுப் பாத்துகிட்டு, முடிவு எடுக்க வேண்டிய ஒரு குடும்பத்துக்கு "போராட்டம்"ங்கற அந்த ஒரு வார்த்தை எவ்ளோ கொடுமைன்னு யோசிங்க, பொழைக்கவிருந்தவர நாமளே கொன்னுட்டோமோன்னு ஆயுசுக்கும் உறுத்தும்.

ரெண்டாவது, "ஆபத்து இரட்டிப்பு", "50 சதவீதம் அதிகம்"ங்கற தலைப்புங்க. 1995 அக்டோபர்ல பிரிட்டன்ல மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, புது வகை கருத்தடை மாத்திரைங்க ரத்தக்கட்டி ஆபத்த ரெண்டு மடங்காக்குதுன்னு. பத்திரிகைங்க அதயே பெருசா போட்டாங்க, பொண்ணுங்க பயந்து போயி மாத்திரைய நிறுத்தினாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்பு கூடுதலா நடந்துச்சுன்னு மதிப்பீடு. ரெண்டு மடங்குங்கறது எதுலேந்து எதுக்குன்னு பாத்தா, 7,000 பேர்ல ஒருத்தருக்கு வந்தது 7,000 பேர்ல ரெண்டு பேருக்கு. கர்ப்பத்துல ரத்தக்கட்டி வர்ற வாய்ப்பு அந்த மாத்திரையால வர்றதவிட அதிகம், அத யாரும் பக்கத்துல போடல. மருந்து டப்பாவுக்குள்ள இருக்கற தாளும் இப்படித்தான், ஐரோப்பிய முறையில "காமன்" பக்கவிளைவுன்னா 100 பேர்ல 1லேந்து 10 பேர் வரைக்கும், "ரேர்"னா 10,000 பேர்ல 1லேந்து 10 பேர் வரைக்கும்னு கணக்கு வச்சிருக்காங்க, நாம காமன்னு படிச்சவுடனே பாதிப் பேருக்கு வரும்னு மாத்திரையவே நிறுத்திடறோம். அதனால இந்த மாதிரி செய்தி வரும்போது முன்னாடி எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு இருந்துச்சு, இப்ப எத்தனை பேருக்குன்னு ரெண்டு நம்பரையும் போட்டுடுங்க, தலைப்புல எடம் இல்லன்னா முதல் பாராவுலயாவது.

இப்படிக்கு,
மருத்துவ ரிப்போர்ட் டைப் செய்யும் ஒரு வாசகி